சாரலுக்கு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்ததும் லீவு போட்டுவிட்டு ஊர் வந்து சேரும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பிள்ளைகளே,

மேலகரத்திலிருந்து உங்கள் அத்தை ஒருத்தி எழுதுகிறேன். தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது, அம்மா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, சிலருக்கு நான்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்திருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன சாரலுக்கு நீங்கள் வந்தபோது, நாலைந்து பேர் பையில் ஒரே மாதிரி டப்பாக்களைப் பார்த்தேன். டீடாக்ஸ் டீ, டீடாக்ஸ் பொடி, குடலைக் கழுவும் சூரணம். "மூணு நாள்ல உடம்பை கிளீன் பண்ணிட்டுப் போயிரலாம்னு இருக்கேன் அத்தை" என்றாள் ஒருத்தி. ராத்திரி பொடி, காலையில் பேதி, பகல் முழுக்க ஜூஸ், சாயங்காலம் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல். மூன்றாம் நாள் ராத்திரி எல்லாருமாகச் சேர்ந்து செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவுக்குப் போனார்கள். அவளுக்கு முகம் வெளிறியிருந்தது, கெண்டைக்கால் பிடித்து இழுப்பதாகச் சொன்னாள். "அழுக்கு வெளிய போகுதுல்லா, அப்படித்தான் இருக்குமாம்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கே எழுத நினைத்த கடிதம் இது.

முதலில் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டுகிறேன். ரத்தம் எடுத்து அரை மணி நேரம் உறைய விட்டு, சுழற்றும் மெஷினில் போட்டு எடுத்தால், சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற நீருக்குச் சீரம் என்று பெயர். நல்ல உடம்பில் அது இளம் வைக்கோல் நிறத்தில், கண்ணாடி போல இருக்கும். மஞ்சள் காமாலை கண்டவருக்கு மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். சீசன் நாட்களில் சில காலைகளில் குழாயை வெளியே எடுத்தால் சீரம் வெள்ளை வெளேரென்று, வடித்த கஞ்சி மாதிரி நிற்கும். கேட்டால், ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வறுத்த கோழியும் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கை நீட்ட வந்திருப்பார்கள். அந்த வெள்ளை முழுக்க, குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி இன்னும் இறங்காத கொழுப்பு. "இன்னிக்கு பாக்க முடியாது, ராத்திரி எட்டு மணிக்கு இட்லி சாப்ட்டுட்டு நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். மறுநாள் அதே ஆளுடைய சீரம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நடுவில் அவர் எந்தப் பொடியும் குடித்திருக்க மாட்டார். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாயைக் கட்டினார், கொஞ்சம் தூங்கினார், அவ்வளவுதான். மிச்ச வேலையை உடம்பு பார்த்துக்கொண்டது. 31 வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றவள் என்பதால், உடம்பு தன்னைத் தானே தெளியவைத்துக்கொள்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வேலையை யார் செய்கிறார்கள்? வலது விலாவுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ எடையில் கல்லீரல் இருக்கிறது. கேரளாவிலிருந்து வருகிற லாரி எதுவானாலும் புளியரை சோதனைச்சாவடியில் நின்றுதான் உள்ளே வர வேண்டும், இல்லையா? குடல் உறிஞ்சுகிற சத்தும் அப்படித்தான். கொழுப்பு மட்டும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் ஒரு தனி ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே சோதனை முடிந்த பிறகுதான் மற்ற உறுப்புகளுக்கு. சாப்பிட்ட பருப்பிலும் கறியிலும் உள்ள புரதம் உடையும்போது அம்மோனியா பிறக்கிறது. அது மூளைக்கு ஆகாத நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, சிறுநீரகம் அந்த யூரியாவை வடித்து வெளியே தள்ளுகிறது. காய்ச்சல் மாத்திரையானாலும், அரைக் கிளாஸ் பிராந்தியானாலும், பழத்தில் ஒட்டி வந்த பூச்சிமருந்தானாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் 12 குடம். அதில் பதினொன்றே முக்கால் குடத்துக்கு மேல் திரும்ப உடம்புக்கே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகின்றன. இது நேற்றும் நடந்தது, நீங்கள் இதை வாசிக்கும்போதும் நடந்துகொண்டிருக்கிறது. வருஷத்துக்கு மூன்று நாள் சீசன் வேலையாக இதைச் செய்ய முடியாது.

அப்படியானால் அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன? அவள் கொண்டுவந்த டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். பத்துப் பதினொரு மூலிகைக்கு நடுவில் 'சென்னா' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம் ஊர்ச் சரக்கு, பிள்ளைகளா! நிலாவாரை என்று நாம் சொல்கிற செடிதான். அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து, திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலத்தில் பயிராகி, 'டின்னவெல்லி சென்னா' என்று நம் சீமையின் பெயராலேயே உலகத்து மருந்துச் சந்தையில் விலைபோன இலை. இன்றைக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கங்களில் வானம் பார்த்த பூமியில் அதைப் போடுகிறார்கள். ஆவாரை மாதிரியே மஞ்சள் பூ. இலையை உருவி, பச்சை மாறாமல் உலர்த்தி, மூட்டை கட்டித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அனுப்புகிறார்கள். அது கடல் தாண்டிப் போய், பளபளக்கும் பெட்டிக்குள் புகுந்து, டீடாக்ஸ் டீ என்ற பெயரோடு பெங்களூர் வழியாக மேலகரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

நிலாவாரையை நான் குறை சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் உள்ள சத்து சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரைக்கும் போகும். அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்ததும், குடல் சுருங்கி விரிய ஆரம்பிக்கும், தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ள விடாது. ராத்திரி குடித்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பேதியாகும். வெளியே போவது மலமும், அதோடு உங்கள் உடம்புத் தண்ணீரும், அந்தத் தண்ணீரில் கரைந்த பொட்டாசியமும்தான். மூன்று நாளில் எடை ஒன்றரைக் கிலோ குறைந்தது என்று மெஷினில் ஏறி நின்று சந்தோஷப்படுகிறீர்களே, அது தண்ணீரின் எடை. பேதியால் கல்லீரலில் உள்ள கொழுப்பு குறையாது. கெண்டைக்கால் இழுத்தது பொட்டாசியம் குறைந்ததால் இருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் கூடப்பிறந்த அக்கா, சாலையோரக் கூடாரம் ஒன்றில் ஒரு மண்டலத்துக்கு என்று சூரணம் வாங்கிச் சாப்பிட்டாள். டப்பாவில் பெயரும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று மறைத்துவிட்டாள். அவள் ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அது சிறுநீரை அதிகமாகப் பிரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற வகை. அதுவே கொஞ்சம் பொட்டாசியத்தை இறக்கும். நாற்பது நாள் பேதியும் சேர்ந்தது. ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றவள் கால் நிற்காமல் உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தை நான்தான் எடுத்தேன், நான்தான் மெஷினில் வைத்தேன். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போகக் கூடாது, அவளுக்கு 2.6. அதற்கும் கீழே போனால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். அந்த எண்ணைப் பார்த்ததும் என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்துத் தேற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். "உடம்பு லேசா ஆகுதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். லேசாக இருந்தது நிஜம்தான். உடம்பிலிருந்த நீரும் உப்பும் போய்விட்டால் லேசாகத்தான் இருக்கும்.

ஜூஸ் குடித்தால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்பீர்கள். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கினால் வீட்டுக்கு வீடு ஒரு மரம் நிற்கும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக, விரல் நீளத்தில் பச்சைக் காய். கடுமையான புளிப்பு. பிலிம்பி என்பார்கள், மலையாளத்தில் இலும்பிப்புளி. மீன் குழம்புக்கு இரண்டு மூன்று நறுக்கிப் போடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள், ஒன்றும் செய்யாது. ஆனால் கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைச் சாறாகப் பிழிந்து டம்ளர் கணக்கில் குடித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் குடித்து, இரண்டு சிறுநீரகமும் திடீரென்று செயலிழந்து வந்த 10 பேரைப் பற்றி 2013-ல் கேரள மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. காயில் உள்ள ஆக்ஸலேட் உப்பு, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிட்டது. பாலக்கீரையிலும் அதே ஆக்ஸலேட் உண்டு. கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடும்போது அளவு தானாகவே வந்துவிடும். ஒரு கட்டைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் நாள் தவறாமல் குடிக்கும்போது அந்த அளவு போய்விடுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களும் கல் இருப்பவர்களும் இதை மறக்கவே கூடாது.

இதனால் சித்த மருத்துவத்துக்கு நான் விரோதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதிகை மலை நிழலில் பிறந்தவள் அப்படி எப்படி இருப்பேன்? பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வந்த வைத்தியர் பேதிக்குக் கொடுப்பதற்கு முன் நாடி பார்ப்பார், வயதைக் கேட்பார், கர்ப்பமா என்று கேட்பார், வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று விசாரிப்பார். ஒருநாள் கொடுப்பார், நிறுத்துவார், அன்றைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். எங்கள் ஆச்சியும் பள்ளிக்கூட லீவில் ஒருநாள் விடியற்காலம் எழுப்பி, காபியில் விளக்கெண்ணெய் கலந்து மூக்கைப் பிடித்துப் புகட்டுவாள். மத்தியானம் குழைந்த சோறும் மிளகு ரசமும். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் அது. அந்த ஒரு நாளை நாற்பத்தெட்டு நாளாக இழுத்தது ஆச்சியும் அல்ல, அகத்தியரும் அல்ல. மூலிகைதானே என்றும் நினைத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தாங்களாகவே விடாமல் சாப்பிட்டு, கல்லீரல் வீங்கி வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வாதம் நடந்தது. வாதம் எப்படிப் போனாலும், வைத்தியர் கையில் இருக்க வேண்டிய மருந்தை நாம் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அருவிக்கு வருகிறேன். தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் ஒரு மூச்சு நின்று திரும்புமே, அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து நேரே வந்தால் தலை தாங்காது. பேரருவித் தண்ணீர் பாதியில் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தோளுக்கு வருகிறது. தோளும் முதுகும் தளர்கிறது, நன்றாகப் பசிக்கிறது, ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கமும் பசியும்தான் அருவி கொடுக்கிற மருந்து. தோல் வழியாகவும் வேர்வை வழியாகவும் நஞ்சு இறங்குவதாகச் சொல்வதை நம்பாதீர்கள். வேர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். எண்ணெய் தேய்ப்பதானால் வீட்டில் தேய்த்து, வீட்டிலேயே சீயக்காய் போட்டு அலசிவிட்டுப் பிறகு அருவிக்குப் போங்கள். அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று தடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் சிற்றாறாகி, வழி நெடுகக் கால்வாயிலும் குளத்திலும் நிரம்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. நீங்கள் கழுவி விட்டதை யாரோ ஒரு வீட்டில் குடத்தில் பிடிக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது ஆண்பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளில் சிலருக்கும். சீசன் என்றால் பாட்டில் என்று ஆகிவிட்டது. "குளிச்சா இறங்கிரும் அத்தை" என்கிறீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம் எரிக்கும், அதற்கு மேல் அதால் முடியாது. ராத்திரி பத்து மணிக்குக் குடித்து முடித்தால் காலை ஆறு மணி வரைக்கும் அது வேறு வேலை பார்க்காமல் இதையே பார்த்துக்கொண்டிருக்கும். அருவித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ கட்டங்காப்பியோ அதை ஒரு நிமிஷம்கூடச் சீக்கிரமாக்காது. குளிர்ந்தால் முழிப்பு வரும், போதை இறங்காது. பாசி படிந்த பாறையில் அந்த வித்தியாசம் உயிரை எடுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது: இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல மதுவில் ஓர் அளவே கிடையாது. உடம்பைச் சுத்தம் செய்ய உங்களுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால், டப்பாவுக்குக் கொடுக்கிற பணத்தை வைத்துக்கொண்டு இந்த ஒன்றை விடுங்கள். கல்லீரல் அளவுக்கு மீண்டு எழுகிற உறுப்பு வேறு இல்லை. விட்ட சில வாரத்திலேயே ரிப்போர்ட்டில் எண்கள் இறங்கி வருவதை எத்தனையோ பேருக்கு என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

குடிக்காதவர்களுக்கும் இப்போது ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வருகிறது. நாள் முழுக்க நாற்காலி, சர்க்கரை போட்ட குளிர்பானம், மைதா, ராத்திரி பதினொரு மணிச் சாப்பாடு. இதற்கு மருந்துக் கடையில் கழுவும் நீர் இல்லை. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் மெல்லக் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்கும். 80 கிலோ இருப்பவர் ஆறிலிருந்து எட்டு கிலோ. ஒரு வருஷத்தில் குறைத்தால் போதும்.

எப்படி என்று கேட்டால், ஊரில் இருக்கிற அந்த ஒரு வாரத்தில் உங்கள் ஆச்சி இருந்த மாதிரி இருந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் நாலு. சாரல் காலத்தில் தாகம் தெரியாது. காற்று சில்லென்று அடிக்கும், தண்ணீர் குடிக்கவே மறந்துபோகும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போன பிறகு எரிகிறது என்று வருவார்கள். இளம் மஞ்சளில் போகிற அளவுக்குக் குடித்தால் போதும். நாலு லிட்டர் ஐந்து லிட்டர் என்று வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு.

பாவூர்சத்திரம் சந்தைக்கு விடியற்காலம் யாராவது கூட்டிப் போகச் சொல்லுங்கள். கத்தரிக்காய், வெண்டை, சீனியவரைக்காய், முருங்கை என்று மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கும். நம் காயைத் தின்று அங்கே இருக்கிறவன் நன்றாக இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். காயும் பழமுமாக நாளைக்கு 400 கிராம் என்பது உலகக் கணக்கு. அது கூட்டாஞ்சோற்றில் ஒரே வேளையில் பாதி வந்துவிடும். நார்ச்சத்து வெறுமனே மலம் போக என்று நினைக்காதீர்கள். கல்லீரல் தன் கழிவைப் பித்தநீரில் கலந்து குடலில் விடுகிறது. பித்த உப்பில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கேழ்வரகும் வாழைத்தண்டும் பயறும் உள்ளே இருந்தால், அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். குறைந்ததை ஈடுகட்ட, ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை எடுத்துக் கல்லீரல் புதிதாகப் பித்த உப்பைச் செய்யும். கொழுப்பு குறைகிற வழிகளில் இதுவும் ஒன்று. ஜூஸாக வடிகட்டும்போது நீங்கள் சக்கை என்று தூக்கிப் போடுகிறீர்களே, அதுதான் இந்த வேலையைச் செய்கிற ஆள். சீசனில் மலைத்தோட்டத்து ரம்புட்டானும் மங்குஸ்தானும் வரும். ஆசையாகச் சாப்பிடுங்கள், பழமாகச் சாப்பிடுங்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரருவியிலிருந்து ஐந்தருவிக்கு வண்டி ஏறாமல் நடந்து பாருங்கள், ஒரு மணி நேரம் போல ஆகும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை என்று சொல்கிற கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே காலையில் முடிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு போனை ஆச்சி அலமாரியில் வைத்துவிட்டு ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களில் பலருடைய படிப்புக்குப் பணம் கட்டியது பீடி. ஆலங்குளம், கடையம் பக்கத்து வீடுகளில் அம்மா இன்னும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, வாய் மடக்குகிற அந்த விரல்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நகக்கண் எல்லாம் மஞ்சள் ஏறியிருக்கும். பீடியை ஒருநாளும் வாயில் வைக்காதவள். ஆனால் புகையிலைத் தூள் மூச்சிலும் ஏறுகிறது, தோல் வழியாகவும் ஊறுகிறது. அவளுடைய கல்லீரல் தினமும் அதையும் சேர்த்துத்தான் கழுவுகிறது. இடுப்பு வலிக்கிறது என்று பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கி நாள் தவறாமல் போட்டுக்கொள்கிறாள், வேலை கெடும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். தண்ணீர் குறைந்த உடம்பில் அந்த வலி மாத்திரை நேராகச் சிறுநீரகத்தில் போய் அடிக்கும். மெஷினில் கிரியாட்டினின் ஏறி வந்த பெண்களில் எத்தனை பேர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் டீடாக்ஸ் டப்பாவுக்குக் கொடுத்த காசில் அம்மாவுக்கு ஒரு கிரியாட்டினின் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்துவிடலாம். பிரஷரும் சுகரும் இருந்தால் வருஷம் ஒருமுறை கட்டாயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மா அந்த அட்டையை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். பீடி சுற்றுகிற இடத்துக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.

இந்த வருஷமும் ஆடியில் வருவீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள். நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருப்பேன், அக்காவும் இருப்பாள். குளித்து முடித்ததும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வரும்போது பையில் இருக்கிற டப்பாவையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒவ்வொரு பெயராக நாம் சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மேலகரத்து அத்தை